வட்டமான நட்சத்திரங்கள்

மொட்டை மாடியில் நான் டார்ச் அடிப்பதில்லை, ஐயா. சிவப்புத் தாள் ஒட்டிய சின்ன விளக்கு போதும். கண் இருட்டுக்குப் பழக நேரமாகும். கெட ஒரு நொடி போதும்.

நான் படம் எடுத்தது ஒரு தூசி மேகத்தை. அதற்குச் சொந்த ஒளி கிடையாது. பக்கத்து நட்சத்திரத்தின் ஒளி பட்டு மங்கிய நீலமாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு அதுவும் இல்லை. ஐந்தைந்து நிமிடமாகப் பல படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். தொலைநோக்கி அசைந்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும்.

வீடு அண்ணனுடையது. வேலை போனபின் எனக்குச் சோறு போட்டவர் அவர். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நான் வேறு வீடு பார்த்திருப்பேன்.

"புகையைப் பிடிக்கவாடா இவ்வளவு பாடு? அடுப்படிக்கு வா, உங்க அண்ணி தினமும் காட்டுவா" என்பார்.

மாதக்கணக்கான மூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் வானம் திறந்தது. நிலவும் இல்லை. அன்றுதான் அண்ணன் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வந்தார். விடிந்தால் தண்ணீர் ஏற்ற வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் வாளியோடும் எமர்ஜென்சி விளக்கோடும் உள்ளே இறங்கினார். மாடியே வெளுத்துவிட்டது.

"அண்ணே, விளக்கை அணைங்க."

"அணைச்சிட்டு எதை வச்சுடா தேய்க்கிறது? உன் நட்சத்திரத்தை வச்சா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இரும்பு மூடியைப் போட்டேன்.

"டேய், திறடா. நெடி தாங்கல."

"அஞ்சே நிமிஷம்ணே."

அவர் மூடியை முட்டித் தூக்கினார். வெளிச்சம் கசிந்தது. அதனால்தான் கொக்கியை மாட்டினேன். வேறு காரணம் இல்லை.

ஐந்து நிமிடம் முடிந்ததும் திறப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் படம் கெட்டிருந்தது. அவர் தட்டியதில் தளம் அதிர்ந்திருக்கிறது. ஒரு நல்ல படம்கூட இல்லாமல் எப்படித் திறப்பது? அடுத்ததைத் தொடங்கினேன். அதுவும் கெட்டது.

படிக்கட்டிலிருந்து அண்ணி கேட்டார்: "இன்னும் முடியலையாப்பா? சாப்பாடு ஆறுது."

"முடியப்போகுது அண்ணி. லைட்டைப் போட்டுடாதீங்க."

"ஒண்ணு தொட்டிக்குள்ள, ஒண்ணு வானத்துல. எனக்குன்னு வந்து வாய்ச்சீங்க."

அவர் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். தட்டல் அதற்குள் மெலிந்திருந்தது, அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

படங்கள் உங்களிடம் இருக்கின்றன. வரிசையாகப் பாருங்கள். முதலில் எல்லாம் கோடுகள். பிறகு கோடுகள் குட்டையாகின்றன. அதற்குப் பின் எல்லாவற்றிலும் நட்சத்திரங்கள் வட்டம். நீலம் நன்றாக விழுந்திருக்கிறது.

தட்டுவதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அண்ணனாகத்தான் நிறுத்தினார். எனக்கு எப்போதும் விட்டுக்கொடுப்பவர் அவர்.