இன்ஜினியர் வண்டியைத் திருப்பிய வளைவு

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஏப்ரல் மழை. நைரோபியை விட்டு அத்திச் சமவெளிப் பக்கம் இறங்கும் மண் ரோடு... ஒரு வண்டி, ஒரு ஆள். வேறு ஈ காக்கை கிடையாது.

நெருங்கி உட்காருங்கள். டேய் ஒடுவோர், கரண்ட் வந்தாலும் லைட்டைப் போடாதே. இது நம் கிலோன்சோவின் அத்தானுக்கு நடந்தது. கிலோன்சோ பொய் சொல்வான், எனக்கும் தெரியும். ஆனால் கால்பந்து விஷயத்தில்தான் சொல்வான். இதைச் சொன்னபோது அழுதான்.

அத்தான் பெயர் முசெம்பி. இன்ஜினியர். அந்த ரோட்டின் கடைசியில் அவர் மேற்பார்வையில் ஏழு மாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. நம் ஊர் லட்சணம்தான் தெரியுமே... மேலே தளம் போடுவார்கள், கீழே குடித்தனக்காரன் உகாலிக் களி கிண்டிக்கொண்டிருப்பான். நாலு மாடி நிரம்பியாயிற்று.

ஒவ்வொரு தளத்துக்கும் போடுகிற கலவையில் கொஞ்சம் எடுத்து, கட்டியாக வார்த்து, சோதனைக் கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். முதலாளி அந்தக் கட்டிகளுக்கு மட்டும் சிமெண்டைக் கொட்டித் தனியாகக் கலக்கச் சொன்னான். தளத்துக்குப் போனது வேறு, வெறும் மணல். முசெம்பி பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"சோதனைத் தாள்ல கையெழுத்து போடலன்னா கிளம்பு. இன்ஜினியருக்கா பஞ்சம்?" என்றான் முதலாளி.

போட்டார். நாசமாய்ப் போக, போட்டுத் தொலைத்தார்.

அந்த மழை நாள் மாலை போன் வந்தது. நசிமியு. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவள், பிள்ளைகளோடு மூன்றாம் மாடியில் இருந்தாள்.

"இன்ஜினியர், கீழ தூண்ல வெடிப்பு. காலைல விரல் நுழையல, இப்ப நுழையுது. சனங்க மெத்தையச் சுருட்ட ஆரம்பிச்சுட்டாங்க. என்ன செய்யட்டும்?"

ஓடுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே... அந்த மனிதருக்கு வாய் வரவில்லை.

"பதறாத. யாரையும் கிளப்பாத. நான் வந்து பாத்துச் சொல்றேன்."

வரும் வழியில் மனசு மாறிவிட்டதாம். போனை எடுத்தால் மழையில் சிக்னல் இல்லை. சரி, நேரில் நின்று எல்லார் முன்னாலும் உண்மையைக் கக்கிவிடுவது. வேலை போகட்டும், ஜெயில் கிடைக்கட்டும். அழுதுகொண்டே ஓட்டினார்.

வளைவு. வைப்பர் க்ரீச்... க்ரீச். விளக்கு வெளிச்சத்தில்... ஆட்கள்.

வரிசையாக எதிரே நடந்து வருகிறார்கள். தலையில் மெத்தை, இடுப்பில் பிள்ளை, கையில் கரி அடுப்பு. சேற்றில் அத்தனை கால்கள்... சளப்பென்று ஒரு சத்தம் இல்லை. சிமெண்ட் வாடை மட்டும், மூடிய கண்ணாடியைத் தாண்டி வந்தது.

இறங்கினார். முன்னால் நசிமியு நின்றாள்.

"எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?"

தலையை ஆட்டினாள். மழை கொட்டுகிறது. அவள் முடியில் படிந்திருந்த சாம்பல் தூசி மட்டும் நனையவில்லை. அதைப் பார்த்தார் ஐயா, பார்த்தார். சிமெண்ட் தூசியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சித்தாளுக்கே தெரியும், இவருக்குத் தெரியாதா? யோசிக்க மனசு வரவில்லை. தூரத்தில் கட்டடம் இருட்டாக நின்றது. காலி என்று எடுத்துக்கொண்டார். இனி எவன் முன்னாலும் வாய் திறக்க வேண்டியதில்லை.

வண்டியைத் திருப்பினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், தூங்கினார். நன்றாகவே தூங்கினாராம். கிலோன்சோ இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

விடியற்காலம் கட்டடம் அப்படியே இடிந்து உட்கார்ந்துவிட்டது.

முசெம்பி ஓடினார். மீட்க வந்த பட்டாளத்து அதிகாரி ஒருவன், சத்தம் வேண்டாம் என்று கையைத் தூக்கினான். அத்தனை கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. அடியில் எங்கேயோ... டொக். கொஞ்ச நேரம் கழித்து... டொக். பிறகு அதுவும் நின்றுவிட்டது. உடல்களை வரிசையாகக் கிடத்தினார்கள். ஒவ்வொரு முகமும் அவர் ரோட்டில் பார்த்த முகம்.

மதியம் நசிமியுவை எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது. ஆனால் உயிர் இருந்தது. முசெம்பி பக்கத்தில் விழுந்து கதறினார்.

"நீ வெளிய வந்துட்டியே நசிமியு. நான் ரோட்டுல பாத்தேனே."

அவள் கண்ணைத் திறந்தாள். கோபம்கூட இல்லையாம்.

"நாங்க எங்க வந்தோம்? கரண்ட் இல்ல. மூட்டையக் கட்டிட்டு, வராந்தாவுல இருட்டுல நின்னு, உங்க வண்டி லைட்டத்தான் பாத்துட்டிருந்தோம். வளைவுல நின்னுச்சு. நீங்க இறங்குனீங்க. அப்புறம் திரும்பிப் போயிட்டீங்க. இன்ஜினியரே திரும்பிட்டாரு, அப்ப பயம் ஒண்ணும் இல்லன்னு... நான்தான் எல்லாரையும் உள்ள போயிப் படுக்கச் சொன்னேன்."

மூச்சு வாங்கியது. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா... அந்த மழையில தனியா நின்னு, யாருகிட்ட பேசிட்டிருந்தீங்க?"