போர்வையில் ஒரு டிக்

சனிக்கிழமை காலை, மலேசியாவில் பத்து காஜாவிலிருந்து ஈப்போ போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் நாற்பது வயதைத் தாண்டிய தோழிகள் இருவர். சன்னலோரம் இருந்தவரின் மடியில், துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை ஒன்று இருந்தது. அவர் சொன்னார்:

"கமலா, போர்வைக்கு டிக் போட்டுட்டேன்லா."

"என்னது?"

"பிள்ளைங்க கட்டுரையில ஒரு பக்கம் திருத்துவேன், போர்வையில ஒரு வரிசை தைப்பேன். மாத்தி மாத்தி செஞ்சதுல, ஒரு வரிசை நேரா முடிஞ்சிச்சு, கை தன்னால டிக் போட்டுடுச்சு."

கமலா விரித்துப் பார்த்தார். நடுக் கட்டத்தில் பெரிதாக ஒரு சிவப்பு டிக்.

"துவைச்சுப் பாத்தியா?"

"மூணு தடவ. போகல. இன்னிக்கு முதியோர் இல்லத்துல கொடுக்கணும். இதக் கொடுத்தா, பழசக் கொண்டாந்து தள்ளிட்டாங்கன்னு நெனப்பாங்கலா."

"அப்போ எனக்குக் கொடு."

"இதையா? உனக்கு நல்லதா ஒண்ணு தைச்சுத் தரேன். வர்ற ஸ்கூல் லீவுல."

"என் மக வயித்துல இருக்கும்போதே இதத்தான் சொன்ன. அவ இப்போ உன் கிளாஸ்ல உக்காந்திருக்கா."

கமலா, டீச்சரின் கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். போர்வையில் முதல் டிக்குக்குப் பக்கத்திலேயே இன்னொன்று போட்டார்.

"ஐயோ, என்ன செய்யிற?"

"இல்லன்னா எறங்கறதுக்குள்ள மனசு மாறி, இதையும் இல்லத்துக்குக் கொடுத்துடுவ."