அசூர்பனிபாலுக்கு வார்த்த தண்ணீர்

விடியப்புறம் ஐந்து மணியும் ஆகவில்லை. ஜெர்மனியின் மார்ச் மாதத்து இருட்டு. கால்வாயோரம் போகிற ஒற்றை வீதியில் துவாரகன் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். முன்னும் பின்னும் ஈ காக்காய் இல்லை. எண்ணெய் காணாத சங்கிலி மட்டும் கிறீச்... கிறீச்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள். இந்தத் துவாரகன் எங்கள் சுரேனின் மைத்துனன். சுரேன் பொய் சொல்லுகிற ஆளில்லை. பொய் சொல்லக்கூட அவனுக்குப் பஞ்சி, அவ்வளவு சோம்பல்.

துவாரகனுக்கு விடியற்காலையில் ஒரு மியூசியத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. பகலில் பேக்கரி. இரண்டுக்கும் நடுவில், அந்தக் குளிர்காலம் வரைக்கும், அப்பாவைப் பார்க்கிற வேலையும் இருந்தது. அப்பா அரியரத்தினம், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒற்றைப் பையோடு வந்து இறங்கிய மனிதர். கடைசியில் பக்கவாதம் வந்து தொண்டை விழுங்க மறுத்துவிட்டது. தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும், கொடுக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரோஸ் நிறப் பஞ்சு வைத்த சின்னக் குச்சிகள் தந்தார்கள். அதை நனைத்து உதட்டில் ஒற்றலாம். அவ்வளவுதான்.

"தம்பி... ஒரு மிடறு..."

"ஏலாதப்பா. ஏலாது."

அதுதான் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு. அப்பா கண்ணை மூடிய பிறகு மிச்சக் குச்சிகளை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்தான். அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. வீட்டில் படத்தை மாட்டி, முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தான்.

"ஆடி அமாவாசை வரட்டும் அப்பா. ஆறுதலாக் குடிக்கலாம்."

தகப்பனை இழந்தவர்களுக்கு அந்த நாள்தானே! அன்றைக்குப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் வார்த்தால் போய்ச் சேரும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவன் நடமாடினான்.

மியூசியத்தில் அந்த வருடம் அசீரியக் கண்காட்சி. பெரிய மண்டபத்தின் நடுவில் ஒரு கல். அதில் சுருள் சுருளாகத் தாடி வைத்த ராசா, கையில் ஒரு கிண்ணம். பக்கத்தில் ஆள் கிட்டப் போனால் தானாகப் பேசும் பெட்டி. ஆள் இல்லாத மண்டபத்தில் துவாரகன் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் திரும்பும் போதெல்லாம் ஒரு ஆண்குரல் ஜெர்மனில் சொல்லும்.

"அசூர்பனிபால்... அசீரியாவின் அரசன்... உலகத்தின் அரசன்..."

பின்பக்கம் துடைத்தால் திரும்பவும் அசூர்பனிபால். வாளியை எடுக்க வந்தால் திரும்பவும். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, "ஓம், கேட்டது. சும்மா இரும்" என்று பதில் சொல்லத் தொடங்கினான். பேக்கரியில் மாப் பிசையும்போதும் அந்தப் பெயரே காதுக்குள் ஓடியது.

அங்கே ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுகிற பிள்ளை ஒருத்தி, தக்சாயினி, பான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். ஒருநாள் அவளிடம் கேட்டான்.

"பிள்ளை, இவர் அப்பிடி என்னதான் செய்தவர்?"

"கனக்கச் செய்தவர் அண்ணை. பெரிய நூலகம் வச்சிருந்தவர். எதிரி ராசாக்களின்ர சமாதியளைக் கிண்டி எலும்புகளையும் அள்ளிக்கொண்டு போனவர். அதுகளுக்கு ஒருத்தரும் தண்ணி வார்க்கக் கூடாதாம். ஆவியள் உறங்கவே கூடாதாம். அதைப் பெருமையா எழுதியும் வச்சிருக்கிறார்."

துவாரகனின் கை துடைப்பத்தில் அப்படியே நின்றது. தண்ணீர் கிடைக்காமல் போவது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

"அப்ப இவருக்கு ஆர் வார்க்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. இவற்ற சமாதி எங்கையெண்டே தெரியாது." அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். துவாரகன் கல்லைப் பார்த்தான். கிண்ணம் பிடித்த அந்த முகமும் களைத்துப்போய்த்தான் இருந்தது. பாவம் என்று நினைத்தான்... நினைத்திருக்கக் கூடாது.

ஆடி அமாவாசை வந்தது. முதல் நாள் பேக்கரியில் இரவும் வேலை, விடிய மியூசியம், அங்கிருந்து நேரே ஊன்ட்றொப் கோவில். கண்ணுக்குள் மண் போட்ட மாதிரி. வரிசையில் நின்றபடியே தூங்கினான். அவன் முறை வந்தது. தர்ப்பை போட்டு, கையில் எள்ளு வைத்து, ஐயர் கேட்டார்.

"தகப்பன்ர பேர்?"

வாய் திறந்தது. பெயரும் வந்தது.

"அசூர்பனிபால்."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். இந்த நாட்டில் அவர் கேட்காத பெயரா! அப்படியே மந்திரத்தில் சேர்த்துச் சொன்னார். துவாரகனின் விரல் வழியே தண்ணீர் இறங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தம்... மடக்... மடக்... மடக்... பக்கத்தில் யாரோ நெடுநாள் தாகத்தோடு விழுங்குகிற மாதிரி. ஒரு மணமும் வந்தது. கருகிய கம்பளி மணம்.

என்ன சொன்னோம் என்பது எழும்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பின்னால் நீள வரிசை. திரும்பிப் போய், 'ஐயா, என் அப்பாவின் பெயரை மாறிச் சொல்லிவிட்டேன்' என்று எந்த மகன் சொல்லுவான்? வெட்கம். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அடுத்த நாள் மியூசியத்தில் கல்லுக்குக் கிட்டப் போனான். பெட்டி பேசவில்லை. சுற்றி வந்தான். பேசவில்லை. தக்சாயினி போனாள், பேசியது. அவனுக்கு மட்டும் இல்லை. இனிக் கூப்பிட்டு என்னத்துக்கு? ஆள் கூடவே வந்துவிட்டாரே!

வீட்டில் அப்பா படத்துக்கு முன்னால் வைக்கிற கிளாஸ் காலையில் காலியாக இருந்தது. துடைத்து வைத்த மாதிரிக் காய்ந்த கிளாஸ். முதலில் அவனுக்கு ஒரே சந்தோசம், அப்பா குடிக்கிறார் என்று. நிரப்பி வைத்துவிட்டுப் படுத்தான். கூடத்தில் மடக்... மடக்... என்று கேட்டது. கிளாஸை எடுத்து முகர்ந்து பார்த்தான். கருகிய கம்பளி.

அடுத்த அமாவாசைக்கு வேலைக்கு லீவு போட்டான். நன்றாக உறங்கி எழும்பி, தலை முழுகி, ஊன்ட்றொப்புக்குப் போனான். வழி முழுக்க அப்பாவின் பெயரையே சொல்லிக்கொண்டு போனான். ஐயர் கேட்டார்.

"அரியரத்தினம்," என்றான். தெளிவாகச் சொன்னான்.

ஐயர் மந்திரம் சொன்னார். துவாரகன் வார்த்தான். விரலில் ஈரம் பட்டது. கீழே தட்டு... காய்ந்தே கிடந்தது. இன்னொருதரம் வார்த்தான். ஒரு சொட்டும் விழவில்லை. காதோரம் மடக்... மடக்... மணம் மூக்கை அடைத்தது. ஐயர் தட்டைப் பார்த்தார், அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, வீட்டை போங்கோ."

போனான். செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே படத்தடிக்குப் போனான். காலையில் நிரப்பி வைத்த கிளாஸ் காலி. அதற்குப் பக்கத்தில், பலகையில், ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் அவன் தன் கையாலேயே போட்ட ரோஸ் பஞ்சுக் குச்சி ஒன்று. அதில் கம்பளி மணம் இல்லை, அப்பாவின் மணம்.

சப்பிச் சப்பி, பஞ்சு நார் நாராகக் கிழிந்து, காய்ந்து கிடந்தது.