ஏரித் தண்ணீர்

கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "ஊர்வலம் போனது பொண்ணு, வேலை போனது அப்பனுக்கு," என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா சொல்ற?"

"கம்பெனித் தண்ணிய ஏரியில உடாதீங்கன்னு ஸ்கூல் பசங்க அட்டை புடிச்சிக்கினு போச்சுங்க. எங்க பக்கத்து வூட்டு மல்லிகா முன்னாடி போச்சி. அது வளத்த கன்னுக்குட்டி அந்தத் தண்ணிய குடிச்சுத்தான் செத்துது. கம்பெனி வாசல்ல மேஸ்திரி பாத்துட்டாரு. மறுநாளே அங்க வேலை செஞ்ச அது நைனாவ வேலைய உட்டு நிறுத்திட்டாங்க."

"பொண்ண அடிச்சாரா?"

"இல்லடி. பக்கத்துல உக்கார வச்சி, 'நீ அட்டையில எழுதனது நெஜம்தாம்மா. அந்தத் தண்ணிய இத்தினி நாளா தொறந்து உட்டதே நான்தான்'னாரு."

"அது இன்னா சொல்லிச்சி?"

"எழுந்து வெளிய பூட்டுது. அன்னிலேர்ந்து அவர நைனான்னு கூப்புடறதே இல்ல."