எழுபவர்க்கும் அமர்பவர்க்கும் ஒரே நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, ஊராட்சி உறுப்பினர்கள் மூவரே, முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் அன்புச் சகோதரி ஹெட்டி வீலாக் அவர்களே, முழங்கால் பனியில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்திருக்கும் ஹார்லன் நாட்ச் ஊர் மக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பேசுவதற்கு முன் ஹெட்டி எனக்கு ஒரு கட்டளை இட்டிருக்கிறார். "யாராவது மூக்கைச் சிந்தினா வெளியில அனுப்பிடுங்க, அவருக்குப் பிடிக்காது" என்றார். ஆகவே நான் அழப்போவதில்லை. அழுவதற்கு என்ன இருக்கிறது? தன் ஓட்டத்தை ஓடி முடித்து, தன் தேவனிடம் தலைநிமிர்ந்து போயிருக்கிறார் ஒரு மனிதர். அவரைப் பற்றிப் பேசும்போது குரல் உயரவேண்டும், தாழக்கூடாது!

ஆண்டுக்கொருமுறை மார்ச்சில் கூடும் நம் ஊர்க்கூட்டத்தின் அவைத்தலைவர், மாண்புமிகு ஆல்டன் வீலாக் அவர்கள்! முப்பத்தொரு மார்ச் மாதங்கள் இதே கூடத்தில், இதே நாற்காலியில் அமர்ந்தவர். சாலைக்கும் பள்ளிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் நாம் அடித்துக்கொண்டபோதெல்லாம் நடுவில் இருந்தவர். எந்தப் பக்கமும் பேசாதவர். கைகளை எண்ணும் நேரம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "யார் எந்தப் பக்கம் கையைத் தூக்கினாங்கன்னு எனக்குத் தெரியவேண்டாம், ஹாப்குட் அம்மா. நாளைக்கு அவங்க கடையிலதானே நான் ஆணி வாங்கணும்?" என்றார்.

நான் படித்தவள் அல்ல. ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, அடுப்படி மேசையில் சட்டப் புத்தகத்தை வைத்து நானாகப் படித்து, பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஊரின் வாக்காளர் பட்டியலை வைத்திருக்கிறேன். எண்ணிக்கையில் தவறமாட்டேன் என்று ஆல்டன் என்னை நம்பினார். அவர் நம்பிக்கைக்கு உரியவளாக நான் இல்லாத ஒரு நாளைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன். அந்த நாளில்தான் அவர் யார் என்று நான் கண்டேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன். நம் சாலைப் பொறுப்பாளர் சகோதரி ஜோலின் குஷ்மனை உங்களுக்குத் தெரியும். நம் வீட்டு வாசல்களிலிருந்து பனியைத் தள்ளுகிறவர் அவர்தான். கூட்டம் தொடங்கும்போது நாம் எல்லோரும் கொடியைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொல்லுவோம். ஜோலின் மட்டும் எழமாட்டார். மூன்றாம் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பார். பல ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு யாராலும் சும்மா இருக்க முடியவில்லை.

நம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர் ராய்ஸ் டாம்லின் அவர்கள் ஒரு தீர்மானம் எழுதினார். கொடிக்கு எழுந்து நிற்காத எவரும் ஊர்ப்பணத்தில் சம்பளம் வாங்கக்கூடாது! இதுதான் தீர்மானம். பெயர் இல்லை. ஆனால் யாருடைய வேலை போகும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும்.

ராய்ஸைக் குறைசொல்லாதீர்கள்! அவர் மகன் கேலப் ஆப்கானிஸ்தானிலிருந்து பெட்டியில் வந்தான். அந்த வீட்டுக்கு முதல் நாள் சாப்பாடு கொண்டுபோனவள் நான். மடித்த கொடியை மடியில் வைத்துக்கொண்டு ராய்ஸ் சொன்னார்: "இது என் பையன் மேல போர்த்தின துணிம்மா. இதுக்கு எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிக்கணும்னு கேட்டா, அது பெரிய ஆசையா?"

ஒரு தீர்மானம் கூட்டத்துக்கு வர இருபத்தைந்து கையெழுத்து வேண்டும். ராய்ஸ் என் வீட்டுக்கு வந்தபோது இருபத்துநான்கு இருந்தது. இருபத்தைந்தாவது கையெழுத்து என்னுடையது.

ஊரின் வழக்கறிஞர் கடிதம் எழுதினார், நீதிமன்றத்தில் இது நிற்காது என்று. ஊராட்சி உறுப்பினர்கள் ஆல்டனிடம் ஓடினார்கள். "செல்லாதுன்னு சுத்தியலால மேசையில ஒரு தட்டு தட்டிடுங்க ஆல்டன். ஊர் ரெண்டாகிடும்" என்றார்கள். ஆல்டன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஊர் ஏற்கனவே ரெண்டாத்தான் இருக்கு. வாயை மூடச் சொன்னா ஒண்ணாகிடுமா? வந்து பேசட்டும்."

பேசட்டும் என்றார்! எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை இந்தக் கூடத்தில் நிற்க இடமில்லை. இருநூற்றுப் பதினெட்டுப் பேர், எண்ணியவள் நான். அந்தத் தீர்மானம் வந்ததும், ஆல்டன் அதுவரை ஒருபோதும் செய்யாததைச் செய்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். "இந்த விஷயத்துல எனக்கு ஒரு வார்த்தை பேசணும். பேசணும்னா தலைவரா இருக்கக்கூடாது. எனக்குப் பதிலா ஒருத்தரை உட்காரவைக்கிற உரிமை எனக்கு இருக்கு" என்றார். தலைவரின் சுத்தியலை எடுத்து நீட்டினார். "ராய்ஸ் டாம்லின், வாங்க. பிடிங்க இந்தச் சுத்தியலை!"

யாரை? தீர்மானம் கொண்டுவந்தவரையே!

ராய்ஸ் முகம் சிவந்துவிட்டது. "ஆல்டன், இது என் தீர்மானம்யா. நான் பேசவேண்டாமா?"

"நீங்க பேசவேண்டியதை முதல் கையெழுத்துப் போட்டப்பவே பேசிட்டீங்க. இப்ப மத்தவங்களைப் பேசவைங்க."

மறுக்க முடியவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ராய்ஸ் போய் உட்கார்ந்தார். நம் கூட்டத்தின் விதி உங்களுக்குத் தெரியும்: பேசுகிறவர் தலைவரைப் பார்த்துத்தான் பேசவேண்டும், எதிராளியைப் பார்த்து அல்ல. தலைவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது.

முதலில் எழுந்தவர் மெர்ல் பேட்டன். மெர்ல், நீங்கள் பின்வரிசையில் இருக்கிறீர்கள், தெரிகிறது. இதைச் சொல்ல நேற்றே அனுமதி வாங்கிவிட்டேன். மெர்ல் நேரே ஜோலின் பக்கம் திரும்பி, "இந்த நாடு பிடிக்கலைன்னா கனடாவுக்குப் போக வேண்டியதுதானே! அறுபது மைல்தான்!" என்று கத்தினார்.

டமார்! சுத்தியல் விழுந்தது.

"மெர்ல்! இங்க பார்த்துப் பேசு. அந்தப் பொண்ணைப் பார்த்து இல்ல!"

"ராய்ஸ், நான் உன் பக்கம்தானேப்பா பேசுறேன்!"

"இந்த நாற்காலிக்குப் பக்கம் கிடையாது. உட்காரு!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று ராய்ஸுக்கே தெரிந்திருக்கவேண்டும். சுத்தியலை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜோலின் குஷ்மன் பேச விரும்பினால் பேசலாம்" என்றார்.

ஜோலின் எழுந்தார். "தலைவர் அவர்களே, கனடாவுக்குப் போகணும்னாலும் அந்த அறுபது மைல்ல முதல் எட்டு மைலுக்குப் பனியை நான்தான் தள்ளணும்" என்றார். கூடம் சிரித்தது. மெர்லும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஜோலின் தொடர்ந்தார். "தலைவர் அவர்களே, அந்த உறுதிமொழி கடைசியில எல்லாருக்கும் நீதின்னு முடியுது. எல்லாருக்கும்னு இன்னும் ஆகல. ஆகிடுச்சுன்னு நெஞ்சுல கைவச்சுச் சொல்ல எனக்கு வாய் வரல. பொய்ச்சத்தியம் பண்ணக்கூடாதுன்னு எனக்கு ஞாயிற்றுப் பள்ளியில சொல்லிக்கொடுத்தவங்க, அதோ, பட்டியல் மேசையில உட்கார்ந்திருக்காங்க. உங்க மகன் மேல எனக்கு மரியாதை இல்லைன்னு நினைக்காதீங்க. கேலபும் நானும் ஒரே பள்ளிப் பேருந்துல போனவங்க."

அன்பர்களே, பென்சில் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஆம், அந்தக் குழந்தைக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்! அவள் வேலையைப் பறிக்கும் தாளில் கடைசிக் கையெழுத்துப் போட்டவளும் நான்!

பிறகுதான் ஆல்டன் எழுந்தார். முன்னாள் போர்வீரர். வியட்நாம் சண்டையில் வலது காலில் பாதியைத் தொலைத்தவர். எல்லோரும் போரைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நான் முதல்முறை இந்த நாற்காலியில உட்கார்ந்த வருஷம், பயத்துல எனக்கு உறுதிமொழியே மறந்துபோச்சு. நேரா முதல் தீர்மானத்துக்குப் போயிட்டேன். பெரிய மதகு கட்டுறதா, சின்ன மதகு கட்டுறதான்னு. காலையில ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரைக்கும் சண்டை. உறுதிமொழி சொல்லலைன்னு யாராவது கவனிச்சீங்களா? ஒருத்தர் கவனிக்கல! சாப்பாடு முடிஞ்சு, ஆப்பிள் பலகாரம் தின்னுக்கிட்டிருக்கும்போது ஹெட்டிதான் வந்து, 'கொடியை மறந்துட்டியே, மனுஷா!'ன்னு காதுல சொன்னா. ராய்ஸ், அன்னைக்கு நீ மூணு தடவை எழுந்து பேசின. மூணும் மதகைப் பத்தி!"

டக்! "தலைவரைப் பார்த்துப் பேசுங்க, ஆல்டன்!"

"தலைவரைத்தானேய்யா பார்க்கிறேன்! தலைவர் நீங்கதானே!"

அந்தச் சிரிப்பு! கூரையில் இருந்த பனி சரிந்து விழுந்தது என்று இன்றும் சொல்வார்கள். ராய்ஸுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சுத்தியலால் வாயை மறைத்துக்கொண்டார். ஆல்டன் மட்டும் சிரிக்கவில்லை. மெல்லிய குரலில் முடித்தார்.

"உறுதிமொழி சொல்லாத அந்த நாள்ல நாம எந்த விதத்துல குறைஞ்சுபோனோம்? பக்கத்து வீட்டுக்காரனோட நாலு மணி நேரம் சண்டை போட்டோம், ஒருத்தனும் கை ஓங்கல, தோத்தவன் மறுநாள் மண்வெட்டியோட மதகு கட்ட வந்தான். அதுக்காகத்தான் நான் காலைக் கொடுத்தேன். நான் எழுந்து நிப்பேன். சாகுற வரைக்கும் நிப்பேன். நானா நிக்கிறதாலதான் அதுக்கு மதிப்பு. நிக்காட்டி சோறு போயிடும்னு நின்னா, அது நிக்கிறது இல்ல. அது பயம்."

வாக்கெடுப்பு நடந்தது. தலைவராக இருந்த ராய்ஸுக்கு வாக்கு இல்லை. வாக்காளர்களின் மஞ்சள் அட்டைகள் கைகளில் உயர்ந்தன. நான் மூன்று முறை எண்ணினேன். தீர்மானத்துக்கு ஆதரவு எண்பத்தெட்டு. எதிர்ப்பு நூற்று இருபத்தொன்பது. அந்த நூற்று இருபத்தொன்பதில் ஒன்று என் அட்டை. கையெழுத்துப் போட்ட அதே கை!

முடிவை ராய்ஸே படித்தார். தன் தோல்வியைத் தன் வாயால், ஒரு எழுத்து விழுங்காமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தார்! இதைவிடப் பெரிய தேசபக்தியை எந்த ஊர்வலத்தில் கண்டீர்கள்? எந்த வாணவேடிக்கையில் கண்டீர்கள்?

சாப்பாட்டு வரிசையில் நான் அவித்த பயற்றையும் பன்றித்தொடைக் கறியையும் தட்டில் வைக்கும்போது ஆல்டனிடம் கேட்டேன், ஏன் ராய்ஸை உட்காரவைத்தீர்கள் என்று. "எதிர்த்துப் பேசி அவனை ஜெயிச்சிருக்கலாம். அப்புறம் அவன் அடுத்த வருஷம் கூட்டத்துக்கு வரமாட்டான். அந்த நாற்காலி எப்பேர்ப்பட்டவனையும் அரை மணி நேரம் நியாயஸ்தனாக்கிடும், ஹாப்குட் அம்மா. என்னையே ஆக்கியிருக்கே!" என்றார். நான் என் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பயறு இன்னும் ஒரு கரண்டி" என்றார்.

இன்று ராய்ஸும் ஜோலினும் ஒத்துப்போய்விட்டார்களா? இல்லை! ராய்ஸ் இன்றும் எழாதவருக்கு நன்றி இல்லை என்கிறார். ஜோலின் இன்றும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தே இருக்கிறார். இந்த நாட்டைப் பற்றி இருவர் எண்ணமும் ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் ஏழு மார்ச் மாதங்களாக இருவரும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆல்டன் கண்மூடிய மறுநாளே ஊரில் பேச்சு கிளம்பியது. இனி யாரால் இந்தக் கூட்டத்தை நடத்தமுடியும்? பேச்சே வேண்டாம், பெட்டியில் வாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம், யார் முகத்தையும் யாரும் பார்க்கவேண்டாம் என்றார்கள். அவைத்தலைவர் பதவிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நேற்று. மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தை அடைக்கவேண்டும்; நான்கு மணி வரை ஒரு பெயர் இல்லை. என் மனம் உடைந்துபோய் ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு அலுவலக வாசலில் பனி தள்ளும் வண்டி வந்து நின்றது. முதலில் ஜோலின் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்து ராய்ஸ் டாம்லினை இறக்கினார்.

"இவர்தான் எழுதித் தரப்போறார், தாளை எடுங்க" என்றார் ஜோலின்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலைம்மா. வழியெல்லாம் இவ சண்டை" என்றார் ராய்ஸ்.

"அங்க உட்காரவச்சாத்தான் வருஷத்துக்கு ஒரு நாளாவது இவர் வாயைத் திறக்காம இருப்பார்" என்றார் ஜோலின்.

"உன்னை மட்டும் முதல்ல பேசக் கூப்பிடவே மாட்டேன், பாரு."

"கூப்பிடாம இருந்து பாருங்க."

ராய்ஸ் பேனாவை வாங்கினார். கையெழுத்திட்டார்! நான் வாக்காளர் பட்டியலில் அவர் பெயரைச் சரிபார்த்து, சரி என்று குறியிட்டேன். பத்தொன்பது ஆண்டுகளில் இத்தனை மகிழ்ச்சியோடு நான் ஒரு குறி இட்டதில்லை.

ஆல்டன் வீலாக் அவர்களே! நீங்கள் வென்றுவிட்டீர்கள்! உங்களைத் தோற்கடிக்க மரணத்தாலும் முடியவில்லை.

அன்பர்களே, அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி இது ஒன்றுதான். மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. வருவோம் என்று இங்கே, தேவன் முன்னிலையில் சொல்லுங்கள். நாட்டை எண்ணிப் பெருமைப்படுகிறவர் வாருங்கள். வெட்கப்படுகிறவர் வாருங்கள். இரண்டையும் ஒரே மனதுக்குள் வைத்துக்கொண்டு தவிக்கிறவர், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். எழுபவர் எழட்டும். அமர்பவர் அமரட்டும். வீட்டில் மட்டும் யாரும் இருந்துவிடாதீர்கள்!