பன்னிரண்டடி நிலம்

நடப்பவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, சார். நானும் காலையில் நாலு சுற்று நடக்கிறவன்தான். ஏரியோரம் நகராட்சி போடும் நடைபாதையை வேறு பக்கம் போடுங்கள் என்று மட்டும்தான் கேட்டேன்.

என் வீட்டுப் பின்பக்க ஜன்னலுக்கும் ஏரிக்கும் நடுவே பன்னிரண்டடி நிலம். வரைபடத்தில் அதன்மேல்தான் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து, மூன்று வருஷமாக என் மனைவி அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீரைப் பார்த்தால் நாலு வாய் சாப்பிடுவாள். புது முகம் பார்த்தால் நடுங்கிப்போவாள். அளவெடுக்க வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனபின், இரண்டு நாள் அவள் சாப்பிட வாயைத் திறக்கவே இல்லை. ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன்.

தெருவில் ஆளுக்கொரு குறை இருந்தது. திருட்டுப் பயம், குப்பை, விளக்கு வெளிச்சம். மனு எழுதி வீடு வீடாக ஏறி இறங்கினேன். முதல் கையெழுத்து மூன்றாம் வீட்டுத் தையல்காரம்மா போட்டது.

"அண்ணிக்காகவாவது இந்தப் பாதை வேலை நிக்கணும்ணா" என்றார்.

நகராட்சிக் கூட்டத்தில், கரை வழுக்கும், ஆபத்து என்று பேசினேன். இன்ஜினியர் சிரித்தபடி கேட்டார்: "இதுவரைக்கும் யாராவது விழுந்திருக்காங்களா சார்?"

நியாயமான கேள்வி. யாரும் விழுந்ததில்லை.

மக்கள் நடந்து பார்க்கட்டும் என்று, பாதையின் மாதிரியாக அந்த நிலத்தை ஒட்டித் தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் பலகை போட்டார்கள். திறப்பதற்கு முதல் நாள் மாலை, கடைசிப் பலகையின் போல்ட்டுகளைக் கழற்றினேன். யாராவது நனைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

காலையில் முதலில் வந்தவர் தையல்காரம்மா. "உங்க ஜன்னலுக்கு எவ்வளவு கிட்ட வருதுன்னு பாத்துட்டு வந்துடறேண்ணா" என்று எனக்காகத்தான் போனார். தடுத்திருக்கலாம். கரையோரம் பின்னாலேயே போனேன்.

பலகை சாய்ந்தது. கழுத்துவரை தண்ணீர், கீழே சேறு காலைப் பிடித்து இழுத்தது.

"அண்ணா, கை குடுங்க."

எட்டும் தூரம்தான். குனிந்தும் விட்டேன். அப்போதுதான் தோன்றியது: ஒருவர் நனைந்தால் கம்பி வேலி போட்டு வேலையை முடித்துவிடுவார்கள். செத்தால் அப்படி முடியாது. கையை இழுத்துக்கொண்டேன். அவர் நம்பவில்லை. கடைசிவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டார். ஜன்னலில் என் மனைவி இருந்தாள். அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன். எல்லாம் அடங்கிய பிறகுதான் உதவிக்குக் கத்தினேன்.

பாதையை நிறுத்திவிட்டார்கள். போல்ட்டே போடாமல் விட்டார் என்று பலகை போட்ட ஒப்பந்தக்காரரைப் பிடித்தார்கள். நீங்கள் விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது, அவள் திரும்பி உங்களைப் பார்த்தாள். நடுங்கவில்லை. என் பக்கம் விரலை நீட்டி, "இவரு... கை குடுக்கல" என்றாள்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். நான்தான் கொன்றேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: மூன்று வருஷமாக எந்த டாக்டராலும் முடியாததை நான் செய்திருக்கிறேன். அவளைப் பேசவைத்தது நான்தான்.