சத்தம் போடாத டயர்

மண்டைக்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு வெற்றிலை வியாபாரியும் ஒரு விவசாயியும் இருந்தார்கள்.

"இந்த வண்டிக்கு கட்டி ரப்பர் டயர கழட்டிட்டு காத்தடிச்ச டயர் போட்டிருக்கான் ஓய். சத்தமும் இல்ல, குலுக்கமும் இல்ல. தொட்டில்ல கெடக்க மாதிரி இருக்கு" என்றார் வியாபாரி.

விவசாயி மடியிலிருந்த நசுங்கிய குடையைத் தூக்கிக் காட்டினார்.

"சத்தம் இல்லாததுதான் ஓய் கேடு! காலம்பற ரோட்டுல நெல்லு காயப்போட்டுட்டு, தலைக்கு மேல இந்தக் குடைய விரிச்சு வச்சு ஓரமா கண்ணசந்துட்டேன். பழைய டயருன்னா பாலத்துல வரும்போதே முழிச்சிருவேன். இன்னைக்கு பொரண்டு படுத்ததுனால தல தப்பிச்சு, வண்டி ஏறி குட போச்சு."

வியாபாரி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"காலம்பறயும் நான் இந்த வண்டியிலதான் வந்தேன். ஒரு துள்ளல்கூட தெரியல்லியே ஓய்!"